ஒன்பது ஹோல் போதும், வீட்டுக்கு வாங்க!

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கோல்ஃபுக்கு இடம் உண்டா? உண்டு. அந்த நேரத்தை யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

1999 ஜூன் 20. அமெரிக்காவில் அன்று தந்தையர் தினம். வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்று. பட்டத்துக்கு மோதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் 29 வயது ஃபில் மிக்கல்சன். அவரிடம் ஒரு பேஜர் இருந்தது. மனைவி ஏமிக்குத் தலைப்பிரசவம். எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்ற நிலையில், நாட்டின் மறுகோடியில், அரிசோனாவில் இருந்தார். பேஜர் அடித்தால், ஜெயிக்கிற நிலையில் இருந்தாலும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று மிக்கல்சன் முன்பே சொல்லியிருந்தார்.

பேஜர் அடிக்கவில்லை. கடைசி ஹோலில் பெய்ன் ஸ்டூவர்ட் சுமார் 15 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழிக்குள் போட்டு, ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிச் சென்றார். வென்ற கையோடு மிக்கல்சனின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, அப்பா ஆகப்போவதைப் பற்றித்தான் அவரிடம் பேசினார். மறுநாளே மிக்கல்சனுக்கு மகள் பிறந்தாள். ஸ்டூவர்ட்டின் அந்தப் பந்து தவறி ஆட்டம் சமனில் முடிந்திருந்தால், அன்றைய விதிப்படி இருவரும் திங்கள்கிழமை இன்னொரு 18 ஹோல் ஆடியிருக்க வேண்டும். மகள் பிறந்தது அந்தத் திங்கள்கிழமைதான்.

இதே ஆட்டத்தின் வரலாற்றில் இன்னொரு அப்பாவும் இருக்கிறார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த இளைய டாம் மோரிஸ், பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை நான்கு முறை வென்றவர். 1875 செப்டம்பரில், பிரசவத்தை எதிர்பார்த்திருந்த மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, தன் அப்பாவோடு நார்த் பெர்விக் என்ற ஊரில் ஒரு பந்தய ஆட்டத்துக்குப் போயிருந்தார். மனைவியின் நிலை மோசம் என்று அங்கே தந்தி வந்தது. கடலைக் கடந்து படகில் ஊர் திரும்பியபோது மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று, 24 வயதில், டாமும் இறந்துபோனார்.

அவர் வீட்டிலேயே இருந்திருந்தாலும் அந்தக் காலத்து மருத்துவத்தால் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது வேறு விஷயம். பக்கத்தில் இருந்திருப்பார். எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

இவர்களுக்குக் கோல்ஃப் சோறு போட்டது. நமக்கு அப்படி இல்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பச்சைப் புல்லில் கொஞ்சம் நடந்து, ஒரு நல்ல அடி விழுந்தால் அடுத்த வாரம் வரை அதை நினைத்துச் சந்தோஷப்படுகிற சாதாரண ஆட்டக்காரர்கள் நாம். வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகளும் இரண்டு வயதில் ஒரு மகனும் இருக்கும்போது இந்த ஆட்டத்தை எங்கே வைப்பது? குழந்தை பிறந்ததும் கோல்ஃப் பையைப் பரணில் ஏற்றியவர்கள் பலரைத் தெரியும். ஏற்றாமல் வீட்டில் தினமும் சண்டை போட்டவர்களையும் தெரியும். இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஞாயிறு காலைக் கணக்கு

பதினெட்டு ஹோல் ஆட நாலு மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாலரை. அதோடு முடிவதில்லை. சென்னையில் வேளச்சேரியிலோ பெரும்பாக்கத்திலோ இருந்து நந்தனம் மைதானத்துக்கு வண்டி ஓட்டுகிற நேரம் இருக்கிறது. ஷூ மாட்டி, நாலு பந்தைத் தட்டி உடம்பைச் சூடாக்குகிற நேரம் இருக்கிறது. முடித்தபின் குளித்து, நண்பர்களோடு டிபன் சாப்பிட்டு, ஏழாவது ஹோலில் தண்ணீருக்குள் போன பந்தைப் பற்றிப் பேசித் தீர்க்கிற நேரமும் இருக்கிறது. ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவர் வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி பதினொன்றரை.

அதற்குள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? இரண்டு வயதுப் பையன் எழுந்து, பாலைப் பாதி குடித்து மீதியைத் தரையில் கொட்டி, இட்லியை மூன்று முறை தள்ளிவிட்டு, நாலாவது முறை பால்கனியில் காக்காய் காட்டி ஊட்டப்பட்டு, குளித்து, ஓடி விழுந்து, அழுது, ஒருவழியாகத் தூங்கியிருப்பான். நடுவில் பெரியவளுக்குத் தலை பின்னி, ஹோம்வொர்க் பார்த்து, அவளுடைய நூறு கேள்விக்குப் பதில் சொல்லியாகியிருக்கும். அத்தனையையும் ஒரே ஆள் செய்திருப்பார்.

கோல்ஃபுக்குப் போகும் ஆறு மணி நேரமும் அந்த ஒரே ஆளின் கணக்கிலிருந்து எடுத்தது. பெரும்பாலான வீடுகளில் அது மனைவி. மனைவி ஆடுகிற வீடுகளில் கணவன். கூட்டுக் குடும்பமாக இருந்தால், "அத்தை பார்த்துப்பாங்க" என்ற ஒற்றை வாக்கியத்தில் வீட்டுப் பெரியவர் தலையில் விழும். அறுபத்தைந்து வயதில் மூட்டு வலியோடு ஒரு குழந்தையின் பின்னால் ஓடுகிறவரிடம், போகலாமா என்று கேட்டுவிட்டாவது போகிறோமா?

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் ஆடப் போகும் நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் அதே வாரத்தில் மனைவிக்கு உண்டு. சனிக்கிழமை காலையில் அவர் நீச்சலுக்குப் போகலாம், தோழியோடு காபி குடிக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவும் செய்யலாம். எதற்கென்று நான் கேட்பதில்லை. அந்த நேரத்தில் இரண்டு குழந்தைகளும் என் பொறுப்பு. டயப்பர் எங்கே இருக்கிறது என்று கேட்டு போன் அடிக்கக் கூடாது. இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் ஆறு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குப் புரிந்தது. பதினெட்டு ஹோலை ஒன்பதாகக் குறைக்கலாம் என்ற யோசனை எனக்கு மைதானத்தில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில், மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது வந்தது.

பதினெட்டு எங்கிருந்து வந்தது?

பதினெட்டு ஹோல் ஆடினால்தான் ஆட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆரம்பத்தில் ஒரு ரவுண்டுக்கு 22 ஹோல் இருந்தது. 1764இல், ரொம்பக் குட்டையாக இருந்த முதல் நாலு ஹோல்களை இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போதும் வரும்போதும் அதே ஹோல்களைத்தான் ஆட வேண்டும் என்பதால் 22 என்பது 18 ஆனது. மற்ற ஊர்களில் அவரவர் நிலத்துக்கு ஏற்றபடிதான் இருந்தது. 1860இல் முதல் ஓப்பன் போட்டி நடந்த பிரெஸ்ட்விக் மைதானத்தில் இருந்தவை 12 ஹோல்கள்தான். ஒரே நாளில் அதையே மூன்று முறை சுற்றி ஆடிப் பட்டத்தைத் தீர்மானித்தார்கள். கோல்ஃபின் மிகப் பழைய பெரும் போட்டி 12 ஹோல் மைதானத்தில் தொடங்கியிருக்கும்போது, குழந்தை வைத்திருக்கிறவர் 9 ஹோலோடு கிளம்புவதில் என்ன குறை?

ஆட்டத்தை நிர்வகிக்கிறவர்களும் இப்போது அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 2014இல் ஒன்பது ஹோல் ஆட்டத்துக்கென்றே தனிப் பிரசாரம் தொடங்கியது. செயின்ட் ஆண்ட்ரூஸில் இயங்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு 2016இல் ஒன்பது ஹோல் சாம்பியன்ஷிப் ஒன்றையே தொடங்கியது. ஆட்டக்காரரின் திறனை எண்ணாகச் சொல்வது ஹேண்டிகேப்; 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒன்பது ஹோல் ஸ்கோரும் கணக்கில் சேரும். 2024 திருத்தத்துக்குப் பிறகு, இன்னொரு ஒன்பது ஹோல் ஸ்கோர் வந்து ஜோடி சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஆடிய ஒன்பதை வைத்தே உடனே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பாதி ஆடினால் ஹேண்டிகேப் போய்விடும் என்ற பழைய சாக்கு இனி எடுபடாது.

ஒன்பது ஹோலுக்கு இரண்டு மணி நேரம். வேலைநாளில், விடிகிற நேரத்தில் முதல் ஆளாகப் போய் நின்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே முடியும். பள்ளி வேன் வரும் நேரத்துக்கு வீட்டு வாசலில் இருக்கலாம். சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கு மேல் மைதானத்தில் நிற்பதே தண்டனை. கையுறை வியர்வையில் நனைந்து கிளப் வழுக்க ஆரம்பிக்கும்போது இரண்டாவது ஒன்பதை ஆடி என்ன சாதிக்கப் போகிறோம்?

ஆடுகிற நேரத்தையும் வீணடிக்க வேண்டாம். தொலைந்த பந்தைத் தேட விதி தருவது மூன்று நிமிடம். 2019க்கு முன்பு ஐந்து நிமிடமாக இருந்ததைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று விதிப்புத்தகமே பரிந்துரைக்கிறது. யார் தயாரோ அவர் அடிக்கலாம், தூரத்தில் இருப்பவருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் அனுமதி தருகிறது. இதையெல்லாம் கடைப்பிடிக்கிற நண்பர்களோடு சேர்ந்து ஆடுங்கள். குழந்தை இருக்கும் ஆட்டக்காரருக்கு அப்படிப்பட்ட கூட்டாளிதான் பெரிய உதவி. டிபன் மேஜைக்கு மட்டும் போகாதீர்கள். நேரம் கரைவது அங்கேதான்.

முதல் பிரசவத்துக்கு மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்கும் மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வழக்கத்தில் கணவனுக்கு வாரக்கடைசி முழுக்க ஓய்வு கிடைக்கும் காலம் அது. ஹேண்டிகேப்பைக் குறைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஒருவர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வாரக்கடைசிகளில் போக வேண்டிய இடம் மாமனார் வீடு. பிறந்த குழந்தைக்குத் தொட்டில் துணி மாற்றத் தெரியாத அப்பா, அது இரண்டு வயதில் அழும்போதும் ஓரமாகத்தான் நிற்பார். குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை, தாய்க்கு இரவுத் தூக்கம் ஓரளவு திரும்பும் வரை, மைதானம் காத்திருக்கட்டும்.

ராத்திரி ஒன்பதரை மணி, ஹாலில்

அந்த மாதங்களிலும் கை மறந்துபோகாமல் வைத்திருக்க வழி இருக்கிறது. பார் 72, அதாவது 72 அடியில் முடிக்க வேண்டிய ஒரு மைதானத்தில், குழி இருக்கும் ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு பட் (பந்தை உருட்டும் அடி) என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பதினெட்டுக்கு 36, மொத்தக் கணக்கில் சரிபாதி. இந்தப் பாதியைப் பழக மைதானமே வேண்டாம். ஹாலில் விரித்த ஜமுக்காளம் போதும்.

குழந்தைகள் தூங்கிய பிறகு நான் செய்வது இது. ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சுவரோரம் படுக்க வைப்பேன். எட்டடி தள்ளி நின்று பட்டரால் பந்தை உருட்டுவேன். மைதானத்துக் குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். டம்ளரின் வாய் மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். இதற்குள் போகிற பந்து அங்கே கண்டிப்பாகப் போகும். பந்து உள்ளே போனால் டம்ளர் கணீரென்று சத்தம் போடும், பிள்ளை எழுந்துவிடும். அதனால் டம்ளருக்குள் பழைய கைத்துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். ஜமுக்காளத்தின் கோடுகள் நேராக இருப்பதால், பட்டர் கோணலாக வந்தால் உடனே தெரிந்துவிடும். கால் மணி நேரம் போதும். மாதக்கணக்கில் மைதானம் பக்கம் போகாமல் இதை மட்டும் செய்துவந்தேன். திரும்பப் போனபோது டிரைவ் எல்லாம் தாறுமாறாகப் பறந்தது. பட்டிங் மட்டும் முன்பைவிட நன்றாக இருந்தது.

"அப்பா, நானும் வரட்டுமா?"

பெங்களூரில் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்குக்கு ஐந்து வயது இருக்கும்போது, கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் உணவகத்துக்கு அந்தக் குடும்பம் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் பயிற்சி இடம் தெரியும். குழந்தை ஆசையாகப் பார்க்க, ஒருநாள் மூன்று பேரும் உள்ளே போனார்கள். அதுவரை அப்பா அம்மா யாரும் ஆடியதில்லை. மகளோடு சேர்ந்துதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் 18 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருடைய கோல்ஃப் பையைத் தூக்கியவர் அப்பா. டோக்கியோவில் தூக்கியவர் அம்மா. டோக்கியோவில் அதிதி நாலாவது இடம் பிடித்தார்; ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலம் கைநழுவியது.

எல்லாக் குழந்தையும் ஒலிம்பிக் போகப்போவதில்லை, போகவும் வேண்டாம். அந்தக் குடும்பத்திடம் நான் எடுத்துக்கொள்வது, கோல்ஃபைக் குழந்தையிடமிருந்து தப்பிக்கும் நேரமாக அவர்கள் ஆக்கவில்லை என்பதைத்தான்.

என் மகளை முதலில் அழைத்துப்போனது பயிற்சி கிரீனுக்கு மட்டும். மாலை ஐந்தரை மணி, ஆட்கள் இல்லாத நேரம். நான் பட்டரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருக்க, அவள் புல்லில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, பந்தையும் குழியையும் ஒரே மட்டத்தில் பார்த்தாள். "இந்தப் பக்கம் சரிஞ்சிருக்குப்பா" என்றாள். சரிந்துதான் இருந்தது, நான் கவனித்திருக்கவில்லை. அப்புறம் பந்தைக் கையால் உருட்டினாள். அதைத் திருத்தாமல் விட்டேன். இப்போது சரிவு பார்ப்பது அவள் வேலை.

அழைத்துப்போவதற்குச் சில கறாரான விதிகள் வேண்டும். அதிகம் பயப்பட வேண்டியது வீசுகிற கிளப்புக்கு. பின்னால் வந்து நிற்கும் குழந்தை ஆடுகிறவர் கண்ணில் படாது. கிளப் தலை வரும் வேகத்தில் பட்டால் மண்டை உடைந்துவிடும். அப்பா கிளப்பைக் கையில் எடுத்ததும் பையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று பழக்கினால் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள். மூன்று வயதுக்குப் பிளாஸ்டிக் கிளப் போதும். ஐந்து வயதுக்கு மேல் சிறுவர் கிளப் ஒன்றிரண்டு வாங்குங்கள். பெரியவர்களின் பழைய கிளப்பை அறுத்துக் கொடுப்பது தவறு. அதன் தலை கனம், தண்டு விறைப்பு. குழந்தை அதை உடம்பால் இழுத்து அடிக்கக் கற்றுக்கொண்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். தொப்பி, தண்ணீர், ஒரு மாற்றுச் சட்டை. இவற்றோடு, குழந்தை போதும் என்று சொன்ன நிமிடமே கிளம்புகிற மனசும் வேண்டும்.

விடுமுறைக்கும் இதைச் சொல்லலாம். ஊட்டியில், வெலிங்டனில், 1895இல் கிளப் தொடங்கிய கொடைக்கானலில், இலங்கையின் நுவரெலியாவில் எல்லாம் அருமையான மலை மைதானங்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு மலைக்குப் போய்விட்டு மூன்று காலையும் மைதானத்திலேயே கழிப்பது அநியாயம். ஒரு காலை, ஒன்பது ஹோல். மிச்சமெல்லாம் படகுக்கும் வறுத்த சோளத்துக்கும் இருக்கட்டும். 1879இல் தொடங்கிய கொழும்பு ராயல் கோல்ஃப் கிளப்பில் களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்குள்ளேயே போகிறது. ஆடுகிறவர்கள் நின்று ரயிலுக்கு வழிவிடுகிறார்கள். நாலு வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை என்ன வேண்டும்?

அம்மாக்கள் ஆடினால்

இதுவரை அப்பாக்களைப் பற்றியே பேசினேன். நம் கிளப்களில் இளம் அப்பாக்களைப் பார்க்கலாம், இளம் அம்மாக்களைப் பார்ப்பது அரிது. திறமை இல்லாததால் அவர்கள் வராமல் இருக்கிறார்கள் என்று யாராவது நினைத்தால், ஸ்காட்லாந்தின் காட்ரியோனா மாத்யூவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2009 ஜனவரியில், ஐந்து மாதக் கர்ப்பத்தோடு பிரேசிலில் ஒரு போட்டியை வென்றார். மே மாதம் இரண்டாவது மகள் பிறந்தாள். பதினோரு வாரம் கழித்து, ஆகஸ்ட்டில், ராயல் லிதம் மைதானத்தில் மகளிர் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். அப்போது வயது 39. மேஜர் பட்டம் வென்ற முதல் ஸ்காட்லாந்துப் பெண் அவர்தான். பையைத் தூக்கியவர் கணவர். 2019இல் சோல்ஹைம் கோப்பை மகளிர் அணிப் போட்டியில் ஐரோப்பிய அணிக்கு மாத்யூவே கேப்டன். ஒரு வயது மகனின் தாயாக, நீண்ட விடுப்புக்குப் பிறகு ஆட வந்திருந்த சூசன் பெட்டர்சனை அணியில் சேர்த்தார். ஆட வாய்ப்பே அதிகம் இல்லாதவரை ஏன் எடுத்தார் என்று கேட்டவர்கள் உண்டு. கோப்பையைத் தீர்மானித்த கடைசிப் பட்டை அடித்தவர் அந்த பெட்டர்சன்தான்.

இவர்கள் மனவலிமையால் மட்டும் ஆடிவிடவில்லை. அமெரிக்காவின் எல்.பி.ஜி.ஏ. மகளிர் சங்கம் 1993இல் ஒரு குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கியது. போட்டி எந்த ஊருக்குப் போகிறதோ, அந்தக் காப்பகமும் கூடவே போகும். பழகிய ஆயாக்கள், பழகிய பொம்மைகள். ஜூலி இங்க்ஸ்டர் இரண்டு மகள்களைப் பெற்ற பிறகு, 1999இல் ஒரே வருடத்தில் இரண்டு மேஜர் பட்டம் வென்றார். குழந்தையை நம்பிக்கையாக விட்டுவிட்டுப் போக ஓர் இடம் இருந்தால் அம்மாக்கள் ஆடுவார்கள். இது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிரூபணமான விஷயம்.

நான் பார்த்த கிளப்களில் சீட்டாட அறை இருக்கிறது, பார் இருக்கிறது, பில்லியர்ட்ஸ் மேஜை இருக்கிறது. குழந்தைகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஓர் ஆயாவும் இல்லை. இதைப் பணப் பிரச்னை என்று என்னால் ஏற்க முடியாது. கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குக் குழந்தைகள் வளர்ந்துவிட்டன; அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர்கள் யோசித்ததில்லை.

குடும்பத்தை முன்னால் வைத்தால் ஆட்டம் கெட்டுவிடாது. 2025 ஜூலையில், ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் ஓப்பன் போட்டிக்கு முன்னால், உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் பத்திரிகையாளர்களிடம் நீண்ட நேரம் பேசினார். அவருக்கு ஒரு வயதைக் கடந்த மகன். நல்ல கோல்ஃப் வீரனாக இருப்பதைவிட நல்ல அப்பாவாக இருப்பதே பெரிது, மனைவியோடும் மகனோடும் உள்ள உறவை ஆட்டம் பாதிக்க ஆரம்பித்தால் அன்றோடு இதைத் தொழிலாக ஆடுவதை நிறுத்திவிடுவேன் என்ற பொருளில் பேசினார். அந்த வாரம் பட்டத்தையும் அவரே வென்றார்.

உங்கள் கிளப் கமிட்டிக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். விடிகாலையில் ஒன்பது ஹோலுக்கென்று தனி டீ-டைம் கேளுங்கள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பயிற்சி கிரீனில் குழந்தைகளை அனுமதிக்கச் சொல்லுங்கள். ஓர் அறை, ஓர் ஆயா, கொஞ்சம் பொம்மை கேளுங்கள். கடிதத்தின் கீழே கணவன், மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.